கதவுப் பாட்டு

தங்கச்சிமடத்து ஜெபமாலை ஒருநாள் ஒற்றைக் கையால் இலங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். அதே நாளில் நாற்பது வள்ளங்களைக் கரையை விட்டு அசையவிடாமல் கட்டியும் போட்டாள். இதில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்கிற ஜெபமாலையே ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அவள் திருப்பியது இலங்கையை அல்ல, இலங்கைப் படத்தைப் பிடித்துத் தரும் ஆண்டெனாவை. வள்ளங்களும் நாற்பது இருக்காது. ஆனால் கட்டிப் போட்டது நிஜம். கயிறு இல்லாமல், வாயால்.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. அய்யா வியாகுலத்துக்கு ஒரு பாய்மர வள்ளம். மகளுக்குக் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் வேலை. மற்றப் பெண்கள் பத்து முறை முங்கி எழும் நேரத்தில் ஜெபமாலை பதினைந்து முறை முங்கிவிட்டு, "இன்னும் அங்கிட்டுப் போவோமா?" என்று கேட்பாள். உட்காரச் சொன்னால் அவளுக்கு உடம்பு அரிக்கும். கோயிலில் சாமியார் பிரசங்கம் வைக்கிற நேரத்தில் அவளுடைய கால் பெருவிரல் மட்டும் தனியாக நடந்துகொண்டிருக்கும்.

"இந்தப் புள்ளைய ஒரு எடத்துல நிறுத்தணும்னா நங்கூரந்தான் போடணும்" என்பார் வியாகுலம்.

நங்கூரத்தைப் போட்டவர் சங்கு வியாபாரி நெய்னா முகம்மது. அவருடைய மச்சினன் சிங்கப்பூரிலிருந்து ஒரு கலர் டிவி கொண்டுவந்து கொடுத்தார். மதராஸ் டிவி அந்த நாளில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இலங்கை டிவியோ கூப்பிடாமலே கடல் தாண்டி வந்து நின்றது. நெய்னா வீட்டு மொட்டைமாடியில் நீள மூங்கிலைக் கட்டி, உச்சியில் ஆண்டெனாவைப் பொருத்தித் தென்கிழக்கே திருப்பினார்கள். ஊரே ஜன்னலுக்கு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு அரை மணி நேரம் இங்கிலீசுப் பாட்டு போடுவார்கள். அதுவரை ஊருக்குத் தெரிந்த பாட்டெல்லாம் ஏதோ ஒரு சினிமாக் கதையின் நடுவில் வருவதுதான். இதிலோ கதையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாட்டு மட்டும் தனியாக நடந்து வந்தது. பாடுகிறவனே ஆடுவான், ஆடுகிறவனே அழுவான், நடுவில் குதிரை ஓடும், கண்ணாடி உடையும். எதற்கும் காரணம் இருக்காது. அதுதான் ஜெபமாலைக்குப் பிடித்தது. முடியைக் குட்டையாகக் கத்தரித்த ஒரு பெண் முதலில் வந்து சிரிப்பாள். அவள் சொல்கிற "குட் ஈவினிங்"குக்கு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்கள் எல்லாரும் சத்தமாகப் பதில் சொல்வார்கள். பாடகர்கள் பேர் யாருக்கும் தெரியாது. ஊரே பேர் வைத்துக்கொண்டது: குதிரைப் பாட்டு, ஐஸ்கட்டிப் பாட்டு, பாடுகிறவன் ஒல்லியாக இருந்ததால் சீக்காளிப் பாட்டு.

படம் சும்மா வந்துவிடாது. காற்றடித்தால் மூங்கில் திரும்பும். காக்காய் உட்கார்ந்தால் பாடகனுக்கு இரண்டு தலை முளைக்கும். மாடியில் ஏறி மூங்கிலைப் பிடித்து நிறுத்த ஓர் ஆள் வேண்டும். ஜெபமாலையை யாரும் கேட்கவில்லை. அவளே ஏறினாள்.

"தெரியுதா?"

"தெரியல!"

"இப்ப?"

"தலை தெரியுது, காலக் காணோம்!"

"இப்ப?"

"ஆங், நில்லு நில்லு! அசையாத புள்ள!"

அவளைப் பார்த்து அசையாதே என்று சொல்லி, அவளும் அசையாமல் நின்றது அந்த ஓர் இடத்தில்தான். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆண்டெனாவைப் பிடிக்கிறவளுக்குப் படம் கிடையாது. பாட்டுச் சத்தம் மட்டும் ஜன்னல் வழியாக ஏறி வரும். பொறுக்க முடியாமல் கையை எடுத்துவிட்டுத் தடதடவென்று படியிறங்கி ஜன்னலுக்கு வந்து சேர்வதற்குள் மூங்கில் திரும்பிவிடும். திரை முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாய்ப் புள்ளிகள் ஊரும். அதற்கு ஊரில் எறும்பு என்று பேர். கூட்டம் திட்டும். மறுபடியும் மேலே ஓடுவாள். வாரத்துக்கு நாலு பாட்டு என்றால், அவள் கண்ணுக்குக் கிடைத்தது நாலு கிள்ளு.

எறும்பு இன்னொன்றுக்கும் உதவியது. நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன்னால் மத்தியானமெல்லாம் இலங்கைக்காரன் திரையில் வெறும் கலர்க் கட்டங்களை நிறுத்தி வைப்பான். காற்று அடங்கிக் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கிற நாளில் அந்தக் கட்டங்கள் கழுவி வைத்தது போலத் தெரியும். காற்று கிளம்பப் போகிற நாளில் எறும்பு ஊரும். இதை முதலில் கவனித்தவள் ஜெபமாலை. அய்யாவிடம் சொன்னாள். மூன்று தடவை சொன்னது சொன்னபடி நடந்தது. நாலாவது தடவையிலிருந்து, வள்ளம் தள்ளுவதற்கு முன் ஆட்கள் அவளுக்காகக் காத்து நின்றார்கள். அந்நேரம் நெய்னா வீட்டுப் பெண்கள் படுத்திருப்பார்கள், ஜன்னல் சாத்தியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்துவர ஜெபமாலைக்கு மட்டும்தான் உரிமை.

"படம் எப்படி?"

"கழுவி விட்டாப்புல இருக்குய்யா."

வள்ளங்கள் போகும்.

"எறும்புய்யா."

வள்ளங்கள் நிற்கும். நரைத்த தலைகளெல்லாம் ஒரு பாசிக்காரப் பெண்ணின் வாயைப் பார்த்து நின்றதில் வியாகுலத்துக்கு உள்ளூரப் பெருமை. "எம்மக கண்ணு பொய் சொல்லாது" என்று கடற்கரையில் நாலு பேர் கேட்கச் சொல்லிக்கொள்வார்.

எண்பத்தைந்தாம் வருசத் தவக்காலத்தில்தான் கதவுப் பாட்டு வந்தது.

கொட்டுகிற மழை. சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருத்தி ஒரு கோபுரத்துக்குள் சுற்றிச் சுற்றிப் படியேறுகிறாள். பாடுகிறவன் எங்கேயோ ஒரு தெருவில் நனைந்துகொண்டு நிற்கிறான். உச்சியில் ஒரு நீலக் கதவு. அவள் அதன் கைப்பிடியில் கையை வைக்கிறாள். முதல் வாரம் அந்த இடத்தில் காற்று அடித்து எறும்பு வந்தது. இரண்டாம் வாரம் ஜெபமாலை பொறுக்க மாட்டாமல் இறங்கி ஓடிவந்தாள். கைப்பிடியில் இருந்த கையைப் பார்த்தாள். அவள் பார்க்கும்போதே எறும்பு வந்தது. கதவுக்குப் பின்னால் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததால் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவ புருசன் என்றார்கள், பேய் என்றார்கள், ஒன்றுமில்லை கக்கூஸ்தான் என்றார்கள்.

ஜெபமாலைக்கு இருப்புக் கொள்ளவில்லை. முங்கினால் பாறைக்கு அடியில் நீலக் கதவு. சோற்றில் கை வைத்தால் கைப்பிடி. வீட்டில் எந்தக் கதவைத் திறந்தாலும் உடனே சாத்திவிட்டு மறுபடி திறந்தாள்.

மூன்றாம் வாரம், கொஞ்சம் இங்கிலீசு தெரிந்த நெய்னா ஒரு சேதி சொன்னார். "அடுத்த வெள்ளியோட இந்தப் பாட்டு நிகழ்ச்சி முடியுதாம் புள்ள. நெறையப் பேரு கேட்டதயெல்லாம் அன்னைக்குப் போடுறானாம். அந்தக் கோட்டுக்காரி பாட்டும் உண்டு."

புதன்கிழமை ஒரு சுழற்காற்று வந்து மூங்கிலை இடுப்போடு ஒடித்துப் போட்டது.

நெய்னா இரும்புக் குழாய்க்குச் சொல்லிவிட்டார். ரோட்டுப் பாலம் அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. ராமநாதபுரத்திலிருந்து ரயிலில்தான் வரவேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை வரும் என்றார்கள். செவ்வாய்க்கிழமை வந்து என்ன, வராமல் போனால் என்ன?

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெபமாலை ஒடிந்த மூங்கிலின் மிச்சத்தில் ஆண்டெனாவைக் கட்டி, டிவியைப் போட்டுப் பார்த்தாள். கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன, கலர் இல்லை. ஆனால் எறும்பும் இல்லை. இத்தனை தணிவில் கட்டியும் எறும்பு இல்லையென்றால் இன்றைக்குக் கடல் எண்ணெயேதான். இன்னும் பத்தடி உயரம் கிடைத்தால் போதும், அந்தப் படத்தில் மயிர்க்காலைக்கூட எண்ணலாம்.

வெளியே வந்தாள். கரையில் ஆட்கள் நின்றார்கள். அய்யாவின் வள்ளத்தில் பாய்மரம் நிமிர்ந்து நின்றது. ஊரில் அதைவிட நெட்டையான, நேரான மரம் கிடையாது. அவள் நிஜத்தைச் சொன்னால் அது இன்னும் அரை மணியில் கடலுக்குப் போய்விடும்.

"படம் எப்படித்தா?" என்றார் வியாகுலம்.

"எறும்புய்யா."

"எம்புட்டு?"

"பூரா எறும்பு. புத்து ஒடைஞ்சாப்புல."

வியாகுலம் கடலைப் பார்த்தார். அலை இல்லை. மகளைப் பார்த்தார். பிறகு மரத்தைப் பிடுங்கி மணலில் சாய்த்தார். அவர் சாய்த்ததும் மற்றவர்களும் சாய்த்தார்கள். தவக்காலத்து வெள்ளி, கடலுக்குப் போகாதவர்கள் வீட்டில் இருக்க முடியாது. வழக்கமாகப் பாட்டு முடிந்த பிறகு அடிக்கும் கோயில் மணி அன்று முன்னதாகவே அடித்தது, சிலுவைப்பாதைச் செபத்துக்கு எல்லாரும் கிளம்பினார்கள். கரை காலியானது. வியாகுலத்தின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் யாக்கோபு மட்டும் போகவில்லை.

"கடல் எண்ணெயாக் கெடக்கு. நீ எறும்புங்கிற" என்றான்.

"ஒனக்கென்ன வந்துச்சு மச்சான்? கோயிலுக்குப் போ."

"இது ஒங்கய்யா மரம்."

"தெரியும்."

"பாத்தாருன்னா கொன்னுருவாரு."

"பாட்டு முடிஞ்சதும் கொல்லட்டும். தூக்குறதா இருந்தா அந்த மொனையத் தூக்கு. இல்லாட்டி வழிய விடு."

யாக்கோபு தூக்கினான். அசர் தொழுதுவிட்டு வந்து டிவிக்கு முன்னால் உட்காரப் போன நெய்னா, மாடிப்படியில் ஒரு பாய்மரம் ஏறுவதைப் பார்த்தார்.

"யா அல்லா! ஏ புள்ள, எங்க போறீய? எம்வீட்டக் கப்பலாக்கிக் கடல்ல விடப் போறியளா?"

மாடியில் படிக்கட்டுச் சுவரோரம் ஒரு கல்தூண் இருந்தது. யாக்கோபு மரத்தை அதோடு சேர்த்து நைலான் கயிற்றால் சுற்றி, சுற்றி, முடிச்சுப் போட்டான். "இறுகிருச்சு. நீயும் கீழ வா, பாக்கலாம்."

"மூங்கிலும் கட்டித்தான இருந்துச்சு? நீ போய்ச் சொல்லு, நான் புடிச்சுக்கிறேன்" என்று மரத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

ஜன்னலில் யாக்கோபு மட்டும். உள்ளே நெய்னா மட்டும். முடி கத்தரித்த பெண்ணின் "குட் ஈவினிங்"குக்கு அன்று பதில் சொல்ல ஆள் இல்லை.

"தெரியுதா?"

"கண்ணாடி கணக்கா இருக்கு! பல்லு சொத்தை கூடத் தெரியுது!"

குதிரைப் பாட்டு போனது. சீக்காளிப் பாட்டு போனது. கோயிலிலிருந்து மக்கள் மெதுவாகப் பாடுகிற சத்தம் ஒரு பக்கம் வந்தது. ஜன்னலிலிருந்து கதவுப் பாட்டின் முதல் மணிச்சத்தம் இன்னொரு பக்கம் ஏறி வந்தது. ஜெபமாலையின் பெருவிரல் நின்றுவிட்டது.

"ஏறுறாளா?"

"ஏறுறா! பாதி ஏறிட்டா! கோட்டு நனைஞ்சுருச்சு!"

"அந்த ஆளு?"

"அவன் தெருவுல நின்னு கத்துறான். இவ திரும்பியே பாக்கல."

"பாக்கக் கூடாது. கதவு வந்துருச்சா?"

"வந்துருச்சு. கைய வச்சுட்டா!"

"அப்பறம்?"

"திருகுறா!"

"அப்பறம்?"

"தொறந்துட்டா!"

ஜெபமாலை மரத்தோடு சேர்ந்து சுவருக்கு வெளியே குனிந்தாள். "உள்ள என்ன இருக்கு?"

ஜன்னலிலிருந்து ஓர் இரைச்சல் மட்டும் ஏறி வந்தது.

"மச்சான்! உள்ள என்ன?"

"கடல்" என்றான் யாக்கோபு.

"கடலா?"

"கடலுதான். பூராக் கடல். கரையே தெரியல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மாடியிலிருந்தும் கடல்தான் தெரிந்தது. வள்ளங்கள் வரிசையாக மணலில் கிடந்தன. இத்தனை படி ஏறி வந்து, கதவைத் திறந்து, அந்தச் சிவப்புக் கோட்டுக்காரி கண்டதும் இதைத்தானா என்று அவளுக்குச் சிரிப்பாக வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

அன்று ராத்திரி ஓர் இலைகூட ஆடவில்லை. பக்கத்து ஊர் வள்ளங்கள் மறுநாள் விடியலில் சூடை மீன் பாரம் தாங்காமல் தணிந்து வந்தன. தங்கச்சிமடத்துக் கூடைகள் காலி. வியாகுலம் மரத்தைத் தேடி வந்து, அண்ணாந்து பார்த்து, நின்றார். அடிப்பார் என்று யாக்கோபு முன்னால் போய் நின்றான். அவர் அடிக்கவில்லை.

"ஏறுனது ஏறுனதாவே இருக்கட்டும். அந்த மரம் இனிமே என் வள்ளத்துக்கு வேணாம்" என்றார். திரும்பிப் போகும்போது மகளிடம் ஒன்று சொன்னார். "படம் எப்படின்னு இனிமே ஒன்னய யாரும் கேக்க மாட்டாக."

யாரும் கேட்கவில்லை. அதன் பிறகும் அவள் தெருத்தெருவாக மாடி ஏறி, டிவி வாங்கின வீட்டுக்கெல்லாம் ஆண்டெனா திருப்பினாள், காப்பி கொடுத்தார்கள், கடலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருசம் யாக்கோபுக்கும் அவளுக்கும் கல்யாணம் ஆனது. கையில் பிள்ளையோடு ஒருநாள் அய்யாவிடம் போய், நெஞ்சில் கிடந்ததைச் சொல்லியே விட்டாள்.

"அய்யா, அந்தக் கதவுக்குப் பின்னாடி கடலுய்யா இருந்துச்சு."

வியாகுலம் வலையில் இன்னொரு கண்ணை முடிந்தார். "அதப் பாக்க அந்தப் புள்ள எதுக்கு அம்புட்டுப் படி ஏறணும்?" என்றார். அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஒன்றில் அவர் சாகிறவரை படம் எப்படி என்று மகளைக் கேட்கவே இல்லை.

இடையில் கேபிள் வந்துவிட்டது. தெருவில் கறுப்பு வயர் ஓடியது. மாடி ஏற ஆள் தேவைப்படவில்லை. வாரத்துக்கு அரை மணி என்று இருந்த பாட்டு, இருபத்துநாலு மணி நேரமும் நாலைந்து சேனலில் ஓடியது. ஓடுவதை யாரும் நின்று பார்க்கவில்லை. ஜெபமாலை மட்டும் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. ஓர் இங்கிலீசுப் பாட்டு, அடுத்தது, அதற்கடுத்தது. மழை வந்தால் நிற்பாள். படிக்கட்டு வந்தால் எழுந்து உட்காருவாள். சிவப்புக் கோட்டு வராது, மாற்றிவிடுவாள்.

"எம்மா, ஒரு பாட்டயாச்சும் முழுசா வையிம்மா" என்று மகள் லீமாரோஸ் தலையில் அடித்துக்கொள்வாள்.

"முழுசாப் பாக்க வேண்டிய பாட்டு இது இல்லத்தா."

பார்க்காத ஒன்றைப் பார்க்கத்தான் அவள் தேடினாள். கேட்டதுதானே, கண்டதில்லையே. அந்தக் கடலை ஒரு தடவை கண்ணால் கண்டுவிட்டால் அன்றைக்குச் சொன்ன பொய்யின் கடன் அடைந்துவிடும் என்று ஏதோ ஒரு கணக்கு அவள் மனதில்.

இரண்டாயிரத்து எட்டில் நெய்னா முகம்மது மாடியில் இன்னொரு தளம் எடுத்தார். எழுபத்தைந்து வயது, கையில் தடி. "ஒங்கய்யா மரம் இன்னும் இங்கனதான் நிக்கிது. வந்து எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். ஜெபமாலையும் யாக்கோபும் போனார்கள். ஆண்டெனா எப்போதோ உதிர்ந்துவிட்டது. மரம் மட்டும் உப்பிலும் காக்காய் எச்சத்திலும் வெளுத்துத் தூணோடு நின்றது. கீழே கூடத்தில் ஏதோ ஒரு பாட்டு சேனல் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாக்கோபும் இரண்டு கொத்தனார்களும் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஜெபமாலை மாடியின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தபடியே கொத்தனார்களுக்குக் கதை சொன்னாள்.

"ஒரு சொல்லு. நாப்பது வள்ளம். ஒண்ணுகூட அசையல. இந்த மரத்தப் புடிச்சுக்கிட்டு இங்கனதான் நின்னேன். கதவு தொறக்குது, உள்ள பாத்தா கடல்!"

"பதினொண்ணு" என்றார் நெய்னா. "எண்ணிருக்கேன். அதுலயும் ரெண்டு ஓட்ட வள்ளம். அது போகட்டும். கடல்னு யாரு புள்ள சொன்னது?"

"இவருதான். ஜன்னல்ல நின்னு பாத்துச் சொன்னாரு."

"வெயில் ஏறுது மாமா. மரத்த மொதல்ல எறக்குவோம்" என்றான் யாக்கோபு, அவசரமாக.

நெய்னா அவனைப் பார்த்துக்கொண்டே தடியை ஊன்றினார். "நான் டிவிக்கு நேரா உக்காந்திருந்தேன். கதவு தொறந்துச்சு, வாஸ்தவம். கண்ணு இமைக்கிற நேரங்கூட ஆகல, எறும்பு வந்துருச்சு. வெறும் எறும்பு, ஒரே இரைச்சல். கடலும் இல்ல கிடலும் இல்ல. இவன் அதப் பாத்துக்கிட்டே நின்னான். நீ மேலேருந்து கத்துன. பெறகுதான் கடல்னான்."

ஜெபமாலை நடப்பதை நிறுத்தினாள். யாக்கோபு கயிற்றை விட்டு நிமிரவில்லை.

"இருவத்துமூணு வருசம்" என்றாள்.

"நீ கடல எறும்புன்னு சொல்லிட்டு வந்து மேல நிக்கிற. எறும்புன்னு நான் எப்படிச் சொல்ல?" என்றான் அவன், முடிச்சைப் பார்த்தபடி. "இரைச்சலும் கடல் கணக்காத்தான் இருந்துச்சு."

அவள் கடலைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று கொத்தனார்கள் ஒதுங்கினார்கள். அவள் மரத்தின் மேல் கையை வைத்து, "அன்னைக்குக் காத்தே இல்லையே மாமா. பெறகு எப்படி எறும்பு வரும்?" என்று மட்டும் நெய்னாவைக் கேட்டாள்.

பெரிய கொத்தனார் அலுத்துப்போய், "இந்த முடிச்சு அவுறாதுக்கா, அறுத்துருவோம்" என்று கத்தியைத் தேடினார்.

"அதத்தான் நானும் சொல்ல வாரேன்" என்றார் நெய்னா. "எத்தன புயல் போயிருச்சு, ஒம்புருசன் போட்ட முடிச்சு அசையல. எட்டிப் பாக்க நீ குனிஞ்சியே, ஒம்பாரத்துலதான் மரம் திரும்புச்சு. நீ அதப் புடிச்சிருக்கவே வேணாம் புள்ள. எறங்கி வந்து நீயே பாத்திருக்கலாம்."